கைவினைக் கடைச் சாமான்களை வைத்துக் கார் மாடல் கட்டப் போகிறவர்களுக்கு

வீட்டில் குயிலிங் ஊசி, ஆரி ஃப்ரேம், நெயில் ஆர்ட் செட் என்று ஏதாவது ஒரு கைவினைப் பெட்டி வைத்திருப்பவர்கள், 1/24 அளவு பிளாஸ்டிக் கார் கிட்டைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நன்றாக இருக்கும். எனக்கு இதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை. ஒரு கார் பாடியும் ஒரு செட் கண்ணாடியும் வீணாகி, ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போன பிறகுதான், கைவினைக் கடையில் எதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், எதைக் கிட்டிடம் நெருங்கவே விடக்கூடாது என்பது பிடிபட்டது. அந்தப் பணத்தை இன்னொருவர் இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பல வருடம் குயிலிங் கம்மல் செய்து விற்றேன். அது ஓய்ந்ததும் ஆரி பிளவுஸ் வேலை. ஆகவே நுண்ணிய வேலை எனக்குப் புதிதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகன் ஊருக்கு வரும்போது தாமியா நிறுவனத்தின் 1966 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கிட் ஒன்றைக் கொண்டு வந்து, "உன் கைக்கு இது நல்லா வரும்க்கா" என்று கொடுத்துவிட்டுப் போனான். இந்தக் கிட்டுகளைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். வெட்டி எடுப்பது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது, ஒட்டுவது எல்லாம் நம் வேலை. நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான பீட்டில் இந்த அளவில் சுமார் 17 சென்டிமீட்டர். பெட்டியைத் திறந்து அந்தக் கூரையின் வளைவைக் கையில் எடுத்துப் பார்த்த நிமிடமே எனக்கு ஆசை வந்துவிட்டது.

அடுத்து கருவிகளின் விலையைப் பார்த்தேன். மாடல் கட்டுபவர்களுக்கென்றே வரும் நிப்பர், ட்வீசர், கைத்துரப்பணம், தேய்க்கும் தாள், பள்ளம் கீறும் ஊசி, மாஸ்கிங் டேப், மெல்லிய பசை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் பதினோராயிரம் வந்தது. கிட்டுகளும் இங்கே விலை அதிகம். காரணம் வரி. சுங்கப் பட்டியலில் பொம்மைகளும் அளவு மாடல்களும் 9503 என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60ஆக உயர்த்தினார்கள். 2023இல் அது 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதற்காகச் செய்தது. பெரியவர்கள் உட்கார்ந்து கட்டும் கிட்டும் அதே வலையில் சிக்கிக்கொண்டது. அதனால்தான், வீட்டில் இருப்பதையும் பாரிமுனையில் கிடைப்பதையும் வைத்தே கட்டிவிடலாம் என்று இறங்கினேன். அந்த முடிவு சரியானது என்று இப்போதும் நம்புகிறேன். எதற்கு எது பொருந்தும் என்று சொல்லித்தர ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

முதல் அடி பெயின்டில் விழுந்தது. கைவினைக் கடையில் ஸ்ப்ரே கேன் வாங்கினேன். மரம், உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று கேன் மேலேயே போட்டிருந்தது. பாடியைக் கழுவிக் காயவைத்து, மொட்டை மாடியில் வைத்து அடித்தேன். இள நீலம். முதல் சில நொடிகள் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் கூரையின் நடுவே மெல்லிய கோடுகள் ஓடத் தொடங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை பரவி, கூரை முழுவதும் கோடை வெயிலில் வெடித்த ஏரித் தரை போல ஆகிவிட்டது. தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக்கே இளகியிருந்தது. அன்று இரவு யாரிடமும் பேசவில்லை. பணம் போனதைவிட, ஆசையாக ஒருவன் சுமந்து வந்து கொடுத்த பொருள் கண்ணெதிரே கரைந்ததுதான் தாங்க முடியவில்லை.

நடந்தது என்ன என்பது பிறகு புரிந்தது. இந்தக் கிட்டுகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அசிட்டோன், டொலுவீன், சைலீன் ஆகிய கரைப்பான்கள் அதைக் கரைத்துவிடும். ஸ்ப்ரே கேன் பெயின்டுகள் பலவற்றில் இவைதான் இருக்கின்றன; நகப்பூச்சு ரிமூவரிலும் அசிட்டோனோ அதன் உறவுக்கார கரைப்பானோ இருக்கும். கேனில் எழுதியிருக்கும் 'பிளாஸ்டிக்' என்ற சொல் வாளி, நாற்காலி, குழாய் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது. வாளிக்குப் பயன்படும் பாலிப்ரொப்பிலீனுக்கு ஒன்றும் ஆகாத பெயின்ட், பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். உண்மையில் கிட் ஒட்டும் மெல்லிய பசையும் இதே வித்தையில்தான் வேலை செய்கிறது: இரண்டு விளிம்பையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கி, தான் ஆவியாகிப் போய்விடும். மூட்டில் ஒரு துளி போனால் பசை. கூரை முழுவதும் நனைந்தால் சேதம்.

எனவே எந்தத் திரவமானாலும் முதலில் ஸ்ப்ரூவில் தடவிப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் கரண்டியில் சோதிக்கச் சொல்வார்கள். 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கரண்டிக்கு நாடு முழுவதும் தடை. அதுவுமின்றிக் கரண்டியெல்லாம் ஒரே பிளாஸ்டிக்கும் இல்லை. கிட்டோடு வரும் ஸ்ப்ரூ அதே பிளாஸ்டிக், காசும் இல்லை. அதில் பாகத்தின் பெயரோ எண்ணோ போட்ட தட்டையான பட்டை இருக்கும், அதில் அடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நகத்தால் கீறிப் பாருங்கள். பரப்பு சொரசொரப்பாகவோ, மினுக்குப் போய் மங்கலாகவோ, பிசுபிசுப்பாகவோ இருந்தால் அந்தப் பாட்டில் உங்கள் காருக்கு வேண்டாம். எந்தப் பாகத்தை வெட்டினாலும் காலி ஸ்ப்ரூவை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

பாடியைக் காப்பாற்ற முயன்றதையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு உதவும். பெயின்டைக் கழற்ற மருந்துக்கடை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கலாம், அது பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்யாது. அக்ரிலிக் பெயின்டுக்கு அதுவே போதும். பிடிவாதமான பெயின்டுக்கு டெட்டால் நல்லது. தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெயின்ட் இளகி வரும். ஆனால் உடனே குழாயடியில் காட்டக்கூடாது. தண்ணீர் பட்டதும் இளகிய பெயின்ட் கோந்தாகிப் பாடி முழுவதும் அப்பிக்கொள்ளும். முதலில் இன்னொரு முறை சுத்தமான டெட்டாலில் அலசி, பெயின்ட் எல்லாம் போன பிறகே சோப்பும் தண்ணீரும். என் பாடியில் பெயின்ட் பெரும்பாலும் வந்துவிட்டது, பிளாஸ்டிக்கில் இறங்கிய வெடிப்பு போகவில்லை. ஹார்ட்வேர் கடை வாட்டர் பேப்பரில் 400, 600, 800 என்று தேய்த்துக்கொண்டே போனேன். வெடிப்பு மறையும்போது கதவு இடுக்கின் பள்ளமும் ஜன்னல் ஓரத்து விளிம்பும் கூடவே மறைந்துவிட்டன. அந்தப் பாடி இனிக் காராகாது. புதுக் கிட்டுக்கு 4,200 ரூபாய் கொடுத்தேன். பழைய பாடியைச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன். இன்றுவரை எந்தப் புது வண்ணமும் முதலில் அதன் மேல்தான் ஏறுகிறது.

இதிலிருந்து எனக்கு ஒரு விதி கிடைத்தது. கைவினைக் கடையில் இரும்பாலோ மரத்தாலோ ஆன கைக்கருவி எதுவும் கிட்டைக் கெடுக்காது, பொருந்தாவிட்டால் ஐம்பது ரூபாய் நஷ்டம், அவ்வளவே. பாட்டிலில், டியூபில், கேனில் வருவது எதுவானாலும் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது நஷ்டம் பசையால். நொடியில் ஒட்டும் பசையைக் கம்மல் கொக்கிக்கு வருடக்கணக்கில் பயன்படுத்தியவள் நான். புதுக் கிட்டின் முன் கண்ணாடியை அதே பசையால் ஒட்டி, பாடியை மூடி வைத்தேன். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தப் பசை சயனோஅக்ரிலேட். காயும்போது அதன் ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்து வெண்படலமாகிவிடும். மூடிய இடத்தில் இன்னும் மோசம். கண்ணாடிப் பாகம் மட்டும் தனியாக இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. கெட்டுப்போன முதல் கிட்டின் கண்ணாடி செட் அப்படியே இருந்ததால் தப்பித்தேன். இல்லாவிட்டால் இன்னொரு 4,200. தட்டையான இடத்தில் லேசாகப் பூத்திருந்தால் நகத்துக்குப் பாலிஷ் போடும் கட்டையால் தேய்த்து எடுத்துவிடலாம், மூலைக்குள் போனால் முடியாது.

கண்ணாடிக்குச் சரியான பசை எல்லா வீட்டிலும் இருக்கும் வெள்ளை ஃபெவிக்கால்தான். தண்ணீரில் கரையும் பிவிஏ பசை அது, பிளாஸ்டிக்கை அரிக்காது, காய்ந்தால் நிறம் தெரியாது, பிசகினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். சில மணி நேரம் அசையாமல் பிடித்து வைக்க வேண்டும், அதுதான் ஒரே சிரமம். இதை வைக்கக் குயிலிங் ஊசியை மிஞ்சிய கருவி இல்லை. மரப்பிடியில் பதித்த அந்த மெல்லிய ஊசியின் நுனியில் ஒரு பொட்டு எடுத்து ஓரத்தில் இழுத்தால் போதும். உலோக மூக்கு வைத்த குயிலிங் பசைப் பாட்டிலும் நல்லது. வேலை முடிந்ததும் மூக்கில் ஒரு குண்டூசியைச் செருகி வையுங்கள், அடைக்காது.

இனி நெயில் ஆர்ட் சாமான்கள். கார் மாடலுக்கென்றே செய்தது போல் இவை பொருந்துகின்றன என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய இடத்தில் ஒரு சிறு முண்டு மிஞ்சும். அதைத் தேய்க்க நகம் தேய்க்கும் அட்டை அரம். 100/180 என்று போட்டிருப்பது பாடிக்கு முரடு, அடிச்சட்டத்துக்கு மட்டும் வையுங்கள். 240 எண் பஞ்சுக்கட்டை வளைந்த பரப்போடு தானும் வளைந்து கொடுக்கும், ஆதலால் பீட்டிலின் மட்கார்டைத் தட்டையாக்கிவிடாது. நான்கு பக்கமும் நான்கு விதமாக இருக்கும் பாலிஷ் கட்டையின் கடைசிப் பக்கம், ஒளி ஊடுருவும் பாகத்தில் விழுந்த கீறலைக்கூட மறைத்துவிடும். இரண்டு முனையிலும் குண்டு வைத்த டாட்டிங் குச்சி, டாஷ்போர்டு பொத்தான்களுக்கும் இண்டிகேட்டருக்கும் பெயின்ட் பொட்டு வைக்க. பிரஷ்ஷில் வைத்தால் ஒவ்வொரு பொட்டும் ஒவ்வோர் அளவில் வரும், இதில் எல்லாம் ஒரே அளவு. நகத்தில் கோடு இழுக்கும் நீள முடி பிரஷ், ஜன்னல் ரப்பருக்குக் கறுப்பு அடிக்க. இவ்வளவும் சேர்ந்து ஐந்நூறு ரூபாய் ஆகவில்லை.

அந்தக் கடையிலேயே வெள்ளி நிற ஒட்டுநாடா ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் சுருளாகக் கிடைக்கும். பீட்டிலின் பக்கவாட்டில் ஓடும் பளபளப்புப் பட்டிக்கு அதை ஒட்டினேன். நகத்தின் தோலைத் தள்ளும் கருவியின் வட்ட முனையால் அழுத்தித் தேய்த்தால் விளிம்பு நன்றாக அமர்கிறது. முனைகள் மட்டும் சில வாரத்தில் தூக்கிக்கொள்ளும். ஒட்டியதுமே இரண்டு முனையிலும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷ் ஒரு தொடு வைத்துவிட வேண்டும். விளக்குகளுக்கு நகத்துக்குப் போடும் யுவி ஜெல். பின்விளக்குக் குழியில் ஒளி ஊடுருவும் சிவப்பு ஜெல்லை மெல்லிய படலமாக விட்டு யுவி விளக்கில் காட்டினால் கண்ணாடி விளக்காகவே ஆகிவிடுகிறது. கனமாக ஊற்றினால் இறுகும்போது சூடாகும், சுருங்கவும் செய்யும். படலம் படலமாகப் போடுங்கள். காயாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். வந்துவிட்டால் பிறகு தொடவே முடியாத நிலைகூட ஆகலாம். நைட்ரைல் கையுறை போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

ஆரிச் சாமான் கடையில் நான் பெற்ற சந்தோஷம் தனி. சௌகார்பேட்டையில் வழக்கமாக வாங்கும் கடையில் ஜர்தோசி கேட்டபோது, "என்ன கலர் பிளவுஸ்க்கா?" என்று கடைப்பெண் கேட்டாள். காருக்கு என்றதும் அவளே ஆர்வமாக ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினாள். ஆரி போடுகிறவர்களுக்குத் தெரியும், ஜர்தோசி என்பது முடியளவு உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுருட்டிய வெற்றுக்குழல். துண்டு துண்டாக வெட்டி, ஊசியை அதன் நடுவே விட்டுத் தைப்போம். அதே குழலுக்குள் நகைக் கம்பியை விட்டு வளைத்தால் உலோகப் பின்னல் போட்ட எரிபொருள் குழாய் அப்படியே கிடைத்துவிடுகிறது. வெள்ளியும் ஆன்டிக் நிறமும் நன்றாக இருக்கும். வெட்டும்போது இழுத்துவிடக் கூடாது. ஒருமுறை விரிந்தால் மறுபடி சேராது.

இங்கே எல்லாவற்றையும் 24ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் உதவியது. ஒரு மில்லிமீட்டர் ஜர்தோசி உண்மைக் காரில் 24 மில்லிமீட்டர். குழாய்க்குப் பொருந்தும், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குப் பொருந்தாது. ஸ்பிரிங்குக்கு 26 கேஜ் கைவினைக் கம்பியை மூன்று மில்லிமீட்டர் ஆணியில் நெருக்கமாகச் சுற்றி எடுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் ஒயர் உண்மையில் ஏழெட்டு மில்லிமீட்டர், அப்படியென்றால் நமக்கு வேண்டியது 0.3 மில்லிமீட்டர் கம்பி. கதவு இடுக்கு நான்கு மில்லிமீட்டர் என்றால் நமக்கு அது 0.17. ஊசியால் கீறும்போது ஆழமாகப் போகலாம், அகலமாக்கினால் பொம்மைத்தனம் வந்துவிடும். ரேஸ் கார் சீட் பெல்ட் மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். ஆக மூன்று மில்லிமீட்டர் சாட்டின் ரிப்பன் ஏறக்குறைய சரியான அளவு. சாதாரணக் காரின் பெல்ட் ஐம்பது மில்லிமீட்டருக்குள், அதற்கு இரண்டு மில்லிமீட்டர் ரிப்பன். ரிப்பனின் வெட்டுமுனை பிரியாமலிருக்க ஃபெவிக்காலைத் தண்ணீரில் கலந்து தொட்டு வையுங்கள். பக்கிளுக்கு நகைக் கம்பியைச் சதுரமாக வளைத்தாலே போதும். தரை விரிப்புக்கு, வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் பயன்படுத்தும் எம்போஸிங் பவுடர். தரையில் நீர்த்த ஃபெவிக்கால் தடவி, பவுடரைத் தூவி, காய்ந்ததும் தட்டிவிட்டால் கார்ப்பெட். சூடுபடுத்த வேண்டாம், பவுடர் உருகி வழவழப்பாகிவிடும். ஒயரை ஒரு சிறு துளை வழியாக மறுபக்கம் இழுக்க ஆரி ஊசியின் கொக்கி இருக்கிறதே, அது ட்வீசரால் முடியாத வேலையைச் செய்கிறது.

கைவினைக் கடையில் கிடைக்காத கருவிகளுக்கும் இறக்குமதிச் சரக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை. மின்ட் தெருப் பக்கம் நகைப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் ஊசி அரம், பின் வைஸ் என்ற கைத்துரப்பணம் இரண்டும் மாடல் கடை விலையில் பாதிக்கும் குறைவு. பிளாஸ்டிக் துகள் அரத்தின் பல்லில் அடைத்துக்கொள்ளும், பித்தளை பிரஷ்ஷால் அவ்வப்போது தேய்த்தால் போகும். ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கும் நிப்பரும், அரை மில்லிமீட்டர் முதல் கிடைக்கும், சர்க்யூட் போர்டில் துளை போடும் பிசிபி டிரில் முனைகளும் வாங்கினேன். நிப்பரை இரண்டு முறை வெட்டுங்கள்: முதலில் பாகத்திலிருந்து தள்ளி, பிறகு நெருக்கமாக. ஒரே வெட்டாக ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துப் பள்ளம் விழும். அதே நிப்பரால் ஜர்தோசிக் கம்பியை வெட்டக்கூடாது, முனை போய்விடும். டிரில் முனை கார்பைடு, கை கொஞ்சம் சாய்ந்தாலும் படக்கென்று ஒடியும். கத்திக்கு நயினியப்ப நாயக்கன் தெருவில் ஆஸ்பத்திரிச் சாமான் கடையில் 3ஆம் எண் பிடியும் 11ஆம் எண் பிளேடும். பிளேடு ஒன்று பத்து ரூபாய்க்குள். கைவினைக் கடையின் ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் நுண்ணிய வேலையில் வளைந்து கொடுக்கிறது, அதை அட்டை வெட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிப் பயன்படாமல் போனவற்றுக்கு மட்டும் இரண்டாயிரம் சொச்சம் போனது. தையல்காரர் ட்ரேசிங் வீலால் சீட்டில் தையல் கோடு போடலாம் என்று படித்தேன். அதன் பற்களின் இடைவெளி இந்த அளவில் மிகப் பெரியது, பலிக்கவில்லை. ஹாட் கம் நூல் இழுக்கிறது, சூட்டில் மெல்லிய பாகம் நெளிகிறது. முகம் வெட்டிய கல்லை ஹெட்லைட்டில் வைத்தால் கல்லாகத்தான் தெரிகிறது. கார் பட்டறைப் புட்டி கனமாகப் போட்டால் பிளாஸ்டிக்கை இளக்கும், பிறகு சுருங்கும். துணிக்கும் பானைக்கும் அடிக்கும் அக்ரிலிக் வண்ணம் காய்ந்தாலும் ரப்பர்த்தன்மை போகாது. தேய்த்தால் உருண்டு வருகிறது. பாடிக்கு வேண்டாம். உள்ளே சீட், டாஷ்போர்டு, என்ஜினுக்கு ப்ரைமர் என்ற அடிப்பூச்சின் மேல் பிரஷ்ஷால் அடித்தால் அழகாக இருக்கிறது. இடுக்குகளைக் கருமையாக்கப் பள்ளிக்கூடப் போஸ்டர் கலரைத் தண்ணீரில் கரைத்துப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டுத் தடவி, மேற்பரப்பை ஈரப் பஞ்சால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் நிற்கும். எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து இதைச் செய்வார்கள். பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக் மூட்டில் அது இறங்கினால் பாகம் வெடித்துவிடும்.

பாடிக்கு இப்போது நான் செய்வது இது. மாடலுக்கென்றே வரும் ப்ரைமர், அதன் மேல் கேக் அலங்காரத்துக்கு விற்கும் சிறு கம்பிரஸர் ஏர்பிரஷ்ஷில் மாடல் அக்ரிலிக். 2,200 ரூபாய்க்கு வாங்கினேன், 0.3 மில்லிமீட்டர் நாசில். அழுத்தம் குறைவுதான், ஆனாலும் இருபது பிஎஸ்ஐ அளவில் வேலை செய்யும் நீர்த்த அக்ரிலிக்குக் காணும். கேக் சுழற்றும் மேடையும் கூடவே வாங்குங்கள். பாடியைத் தொடாமல் திருப்பிக்கொண்டே அடிக்க அதைவிட வசதி இல்லை. சென்னையில் இருப்பவர்கள் காற்றின் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, ஈரக் காற்று அதில் படிந்து லாக்கர் வார்னிஷ் பால் நிறத்தில் வெளுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கரைத் தொடுவதே இல்லை. கோடையில் கடற்காற்று உள்ளே வருவதற்கு முந்தைய முற்பகல்தான் எனக்கு நல்ல நேரம். சாதாரண முகக்கவசமும் என்95 கவசமும் தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி பொருத்திய கவசம் போடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஸ்ப்ரே வேலை மாடியில்தான்.

பாடிக்கான ப்ரைமரையும் பெயின்டையும் விட்டுவிட்டால், எவ்வளவு தேடியும் மாற்று கிடைக்காதவை இரண்டே. ஒன்று, விளிம்பைக் கரைத்து ஒட்டும் என்று முன்பு சொன்ன மெல்லிய பசை, அதைச் சிமென்ட் என்பார்கள். மூடியிலேயே பிரஷ் வரும், மூட்டின் ஓரத்தில் தொட்டால் தானாக உள்ளே ஓடும். இரண்டாவது மாஸ்கிங் டேப். ஸ்டேஷனரி கடை டேப்பின் அடியில் பெயின்ட் கசிகிறது. நம் ஊர்ச் சூட்டில் பிசினையும் விட்டுப் போகிறது. வாஷி டேப் ஓரளவு தாங்கும், ஆனால் அதன் கடை விளிம்பை நம்பாமல் கண்ணாடி மேல் ஒட்டி, புது 11ஆம் எண் பிளேடால் புது விளிம்பு வெட்டிக்கொள்ள வேண்டும். இரு வண்ணம் சேரும் கோட்டுக்கு நான் மாடல் டேப்தான் வாங்குகிறேன், 6 மில்லிமீட்டர் சுருள் ஒன்று. கிட் ஆர்டர் செய்யும்போதே இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், தனியாக வரவழைத்தால் தபால் செலவே பசை விலையைத் தொட்டுவிடுகிறது.